ஊசி எழும்பும் வரை

1

போன மாதம் என் காரின் மீட்டர் ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தொட்டது. லாபுவிலிருந்து ரெம்பாவ் போகிற வழியில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஐந்துக்குப் பின்னால் ஐந்து சுழியும் தெரிகிற மாதிரி படம் எடுத்தேன். மூன்று தடவை எடுத்தும் என் கட்டை விரல் உள்ளே வந்துவிட்டது. நாலாவது படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பேராவூரணிப் பக்கத்துச் சனங்கள் பசியாறி முடிப்பதற்குள் வாழ்த்துகள் வந்து குவிந்தன. முப்பத்து மூன்று வருஷமாக இந்த மலாய் நாட்டில் கிடக்கிறேன். கல்யாணம் கட்டியதற்கும், மகள் பட்டம் வாங்கியதற்கும்கூட யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை. வண்டியைக் காப்பாற்றும் ரகசியத்தை எழுதுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தலைகால் புரியாமல் அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதிப் போட்டேன். அதற்கும் பாராட்டு.

அப்புறம் என் தங்கை மகன் செந்தில் ஒரு கேள்வி கேட்டான். அறந்தாங்கியில் அவன் புதிதாகக் கார் எடுத்திருக்கிறான்.

"மாமா, காலையில எஞ்சின எத்தன நிமிஷம் சூடு பண்ணணும்? ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மூன்று நாள் பதில் எழுதவில்லை. நான் படித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். "மாமா பிஸியா?" என்று மறுபடி கேட்டான். பிஸியெல்லாம் இல்லை. அந்தக் கேள்விக்குள் என் மனைவி புஷ்பா போன நாள் இருக்கிறது. இந்த மாதத்தோடு நான்கு வருஷம். அந்த நாளைப் பற்றி என் ஒரே மகள் தர்ஷினியிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் இருக்கிற ஒரு மகளும் இல்லாமல் போவாளோ என்ற பயம்தான் மூன்று நாளும்.

2

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தாண்டிப் போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த நாட்டிலேயே செய்த வெள்ளைக் கார். ஒரு தோட்டத்துக் கிராணி, அதாவது தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர், ஓய்வு பெற்றபோது நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில் வாங்கினோம். கோலா பிலாவில் ஒரு மில்லில் மிளகாயும் மல்லியும் அரைத்து, வீட்டில் பொட்டலம் கட்டி, சுற்று வட்டாரத் தோட்டக் கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுவது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கார்தான் சுமக்கிறது. அதில் ஏறுகிற புது ஆள் முதலில் தும்முவார், அப்புறம்தான் வணக்கம் சொல்வார்.

எஞ்சின் ஆயிலை இங்கே 'மினியாக் ஈத்தாம்' என்பார்கள், கறுப்பு எண்ணெய். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றினேன். தீபாவளி, சாவு, வெள்ளம் எதற்காகவும் தள்ளிப் போட்டதில்லை. விரலில் தொட்டுப் பார்த்து "இன்னும் தாங்கும்" என்கிற ஆட்களை நம்பாதீர்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே துரு ஏறும். அதற்கென்று விற்கிற கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருந்தால் மாற்றுவதற்கு எஞ்சினே இருக்காது. பிரேக் எண்ணெயை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். எங்கள் தோட்டப் பாதை செம்மண். மழைக்குப் பிறகு வண்டியின் மேல்பக்கத்தைக் கழுவுவதைவிட அடிப்பக்கத்தைக் கழுவுவது முக்கியம். காற்று வாரம் ஒரு தடவை. குழியில் இறங்கும்போது மெதுவாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக. இல்லாவிட்டால் குலுக்கலைத் தாங்குகிற அப்சோர்பர் போய்விடும்.

புதுச் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்காமல் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள். பட்டறையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். என் போர்மேன், இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம், ஆ சான் என்கிற சீனர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என் மகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். வண்டியின் உடம்பு அவருக்கு அத்துப்படி.

குழுவில் எழுதிப் போட்டது இவ்வளவுதான். எஞ்சினைச் சூடு பண்ணுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்து விட்டுப்போனது இல்லை.

3

ஊரில் என் அப்பா ரைஸ் மில்லில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர். காலையில் எஞ்சினைக் கிளப்பி, பெல்ட் மாட்டாமல் பத்து நிமிஷம் சும்மா ஓட விடுவார். நெல் மூட்டையோடு வந்தவர்கள் எவ்வளவு அவசரப்பட்டாலும் காதில் வாங்க மாட்டார். "சூடு ஏறாத எஞ்சினுக்குப் பாரம் குடுக்கப்படாது" என்பார். அந்த எஞ்சினுக்கு அது சரியான பேச்சு.

இருபத்தைந்து வயதில் கடல் கடந்து வந்தபோது நான் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு சட்டையும் இந்தப் பேச்சும் இருந்தன. சட்டை கிழிந்துவிட்டது. கோலா பிலாவில் ஒரு மளிகைக் கடையில் வேன் ஓட்டியபோதும், அப்புறம் சொந்தக் கார் வந்தபோதும், சாவியைத் திருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன ஊசி உண்டு. அது கீழ்க்கோட்டை விட்டு ஒரு மயிரிழை எழும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் கியர். நாலு நிமிஷம், மழைக்காலத்தில் ஐந்து.

புஷ்பா லாபு பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். வாய்த்துடுக்கு அதிகம். "சாமி கும்பிட்டாச்சா? ரதம் கெளம்புமா?" என்று கேட்பாள். அந்த நாலு நிமிஷத்தில் அவள் கேஸை அடைத்தாளா என்று போய்ப் பார்ப்பாள், பின்கதவைப் பூட்டுவாள், தர்ஷினிக்கு ஒரு பக்கத்துச் சடையைப் பின்னிவிடுவாள். இன்னொரு பக்கத்துச் சடை பள்ளிக்கூட வாசலில்.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆம்புலன்சுக்குக் காத்திருக்க மாட்டார்கள். கார் இருக்கிறவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பாம்பு கடித்தவர், வலி கண்ட கர்ப்பிணி என்று எத்தனையோ பேரை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவர்களையும் உட்கார வைத்துவிட்டு ஊசியைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆ சான் சொன்னார். புஷ்பா போவதற்குப் பல வருஷம் முன்னாலேயே சொன்னார். காடி என்றால் இங்கே கார், எண்ணெய் என்றால் பெட்ரோல்.

"அண்ணே, இது அந்தக் காலத்து காடி இல்லலா. அர நிமிசம் போதும். கெளம்பி மெதுவா ஓட்டு, ஓடும்போதே அதுவா சூடாவும். சும்மா நிக்க வெச்சா எண்ணெதான் வேஸ்ட்டு, எஞ்சினுக்கும் நல்லதில்ல."

செந்தில், உன் கேள்விக்குப் பதில் அதுதான். அரை நிமிஷம்.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் மறுபடி ஊசியைப் பார்த்து உட்கார்ந்தேன். அப்பாவுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு திமிர். இடையில் ஒருமுறை ஊருக்குப் போனபோது மில்லைப் பார்க்கப் போனேன். ஆயில் எஞ்சினை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். சுவரில் ஒரு சுவிட்ச், தட்டினால் மோட்டார் ஓடுகிறது. அங்கே யாரும் எதையும் சூடு பண்ணுவதில்லை. ஊரில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். விட்டுவிட்டுப் போன நான்தான் எதையும் மாற்றாமல் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு மில் வாசலில் எனக்கு அது உறைக்கவில்லை.

4

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு நாளாக விடாத மழை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை.

புஷ்பா மிளகாய்த் தூள் பாக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சை ஒரு மாதிரி அடைக்கிறது என்றாள். "காத்து புடிச்சிருக்கும் போல" என்று அவளே சொல்லிவிட்டு, ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்தாள். மறுபடி வந்து உட்கார்ந்து இரண்டு பாக்கெட் ஒட்டினாள். அப்புறம் கையை நிறுத்திவிட்டாள். ரவிக்கை முழுக்க வியர்வை.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க."

தலைவலி மாத்திரைக்கே மூன்று நாள் யோசிக்கிறவள் அவள். அவள் வாயிலிருந்து ஆஸ்பத்திரி என்று வந்ததும் ஓடினேன். சாவியை எடுத்தேன், குடை பிடித்துக் கூட்டி வந்தேன், பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் செய்தேன். வண்டியைக் கிளப்பினேன்.

கிளப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை எப்படி எழுதினாலும் நம்ப மாட்டீர்கள். நான் யோசித்து முடிவெடுத்து உட்காரவில்லை. அவளைவிட வண்டி பெரிது என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. சாவியைத் திருகினால் கண் ஊசிக்குப் போகும், ஊசி எழும்பினால் கை கியருக்குப் போகும். முப்பது வருஷம் அப்படித்தான். அன்றைக்கும் கண் அங்கே போனது, கை தொடையிலேயே கிடந்தது.

"போலாங்க" என்றாள் பின்னாலிருந்து.

"ஒரு நிமிசம் புஷ்பா. ஊசி எழும்பட்டும்."

"ம்" என்றாள்.

கண்ணாடியில் மழை ஓடியது. கார்க் கடிகாரத்தில் நான் ஏறியபோது மூன்று பன்னிரண்டு. கியரைப் போட்டபோது மூன்று பதினேழு. அந்த இரண்டு எண்களும் எனக்கு என் பிறந்த தேதியைவிட நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

தார் ரோட்டுக்குப் போக மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. வாழ்க்கையில் முதல்முறையாக அதில் விரட்டி ஓட்டினேன். வண்டி குழிக்குக் குழி தூக்கிப் போட்டது. அப்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"மெதுவாங்க… அப்சோர்பர் போயிரும்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகக் கிடக்கிறவள் என் வண்டியைப் பற்றிக் கவலைப்பட்டாள். அப்படி ஒரு பாடத்தை இருபத்தைந்து வருஷமாக அவளுக்கு நான் ஓதியிருக்கிறேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டு போனார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பினாங்கில் வேலை பார்க்கும் தர்ஷினி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். புஷ்பாவுக்கு நினைவு இருந்தது, பேசவும் பேசினாள். தாயும் மகளும் இருக்கட்டும் என்று நான் கீழே தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் புஷ்பா போய்விட்டாள்.

நடைபாதையில் நின்றபோது தர்ஷினி கேட்டாள், "வலி எப்பப்பா வந்துச்சு? ஒடனே கெளம்பிட்டீங்களா?"

"வலி வந்ததும் கெளம்பிட்டோம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம்" என்றாள்.

அந்த ஐந்து நிமிஷத்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று எந்த டாக்டரிடமும் இதுவரை நான் கேட்கவில்லை. மாறியிருக்கும் என்றால் தாங்க முடியாது. மாறியிருக்காது என்றால் நம்ப முடியாது.

5

இந்தக் கார் புஷ்பாவின் பெயரில் இருந்தது. வாங்கும்போது நான் வேலை அனுமதிச் சீட்டில் இருந்தவன், எனக்குக் கடன் கிடைக்கவில்லை. அவள் இந்த நாட்டுப் பிரஜை, அதனால் அவள் பெயரில் எடுத்தோம். எனக்கு நிரந்தரவாசத்துக்கான சிவப்பு அடையாள அட்டை கிடைத்ததே அதற்குப் பல வருஷம் கழித்து. வந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே அவள் கையெழுத்தில்தான்.

செத்தவர் பெயரில் இருக்கும் காரை உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மரணப் பத்திரம், கல்யாணப் பத்திரம், வாரிசுகள் யார் யார் என்ற விசாரணை. ஒரு கவுண்டரில் கேட்காத தாளை இன்னொரு கவுண்டரில் கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு பாரத்தில் குடும்ப நிலை என்ற இடத்தில் 'கல்யாணமானவர்' கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் மெதுவாக, "பக்சிக், டூடா" என்று பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள். பக்சிக் என்றால் பெரியவரே. மனைவி செத்தவனுக்கு மலாயில் டூடா. முப்பது வருஷமாக அந்த மொழியில் வியாபாரம் செய்திருக்கிறேன், அந்தச் சொல்லுக்கு மட்டும் அவசியம் வந்ததில்லை. கோடு போட்டதை அடித்துவிட்டு மறுபடி போட்டேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று புதுப் பாரம் கொடுத்தாள்.

தர்ஷினியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வந்தாள், எதையும் படிக்காமல் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாள், அதே பகலில் திரும்பிப் போனாள்.

கடைசியாக வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். மகன் வயதுப் பையன் ஒருவன் பானெட்டைத் திறந்து, குனிந்து, காது கொடுத்துக் கேட்டான். நாலரை லட்சத்துக்கு மேல் ஓடிய எஞ்சின் இது என்று நம்பவே மாட்டேன் என்றான். "பாகுஸ், பக்சிக். அருமை, நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று மலாயில் சொல்லி என் தோளைத் தட்டினான். நான் அங்கேயே அழுதுவிட்டேன். பையன் பயந்துபோனான், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

6

பிள்ளைகள் தூரமாகப் போவதைப் பற்றி என்னைப் போல இங்கே குடியேறியவர்கள் கூடினால் பேசாமல் இருப்பதில்லை. படிப்பு, வேலை, பட்டணம், ஆங்கிலம் என்று காரணங்களை அடுக்குவோம். நானும் அடுக்கினேன். தர்ஷினி மாதத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவாள். "சாப்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, சரிப்பா வெக்கறேன்." அவ்வளவுதான். நான் நாலு வரி தமிழில் எழுதி அனுப்பினால் 'ஓகே பா' என்று வரும். வருஷத்துக்கு ஒருமுறை, அம்மாவுக்குப் படைக்கிற அன்று மட்டும் வருவாள். சிரம்பானில் இறங்கி வாடகைக் கார் பிடித்து வருவாளே தவிர, என் காரில் ஏற மாட்டாள். பள்ளிக்கூடத்தில் மிளகாய் வாசம் அடிக்கிறது என்று கேலி பண்ணினார்களே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தக் காடிய குடுத்துட்டு எங்கூட வந்துருங்கப்பா" என்று போன வருஷம் சொன்னாள். முடியாது என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். புஷ்பாவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஐந்து நிமிஷத்தை அந்த எஞ்சினுக்குக் கொடுத்தேன். அதுவும் போய்விட்டால் எதற்காகக் கொடுத்தேன்? அதனால்தான் மேலும் மேலும் பார்த்துக்கொண்டேன். ஐந்து லட்சம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நாலாம் வருஷப் படையல். புஷ்பாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலும் தேங்காய்ச் சோறும் நானே ஆக்கினேன். பால் விடாத காப்பியும் வைத்தேன். சம்பலில் உப்பு கூடிவிட்டது. படத்துக்கு முன் இலை போட்டுக் கும்பிட்டோம், சாப்பிட்டோம். "அம்மா இருந்தா திட்டியிருப்பாங்க" என்று தர்ஷினி லேசாகச் சிரித்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். மணி ஒன்றரை. பாத்திரம் கழுவப் போனாள். பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"தர்ஷினி, ஒன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேம்மா. அன்னிக்கி வலி வந்ததும் கெளம்பிட்டோம்னு சொன்னேன்ல. இல்ல. அம்மாவ பின்னால ஒக்கார வெச்சிட்டு அஞ்சு நிமிசம் காடிய சூடு பண்ணேன்."

அவள் குழாயை அடைத்தாள். திரும்பவில்லை.

"தெரியும்ப்பா."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. "யார் சொன்னா?"

"அம்மாதான். வார்டுல. நீங்க தேத்தண்ணி குடிக்கப் போனீங்களே, அப்ப."

"என்ன சொன்னா?"

"சிரிச்சிக்கிட்டே சொன்னாங்கப்பா. 'ஒங்கப்பா ஊசி எழும்பட்டும்னு ஒக்காந்திருக்காரு, எனக்கு இங்க உயிரு போவுது'ன்னு. தமாசு மாதிரிதான் சொன்னாங்க. பொறவு என் கைய புடிச்சிக்கிட்டு, 'இத அவருகிட்ட என்னிக்கும் கேட்றாத, மனுசன் தாங்க மாட்டாரு'ன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சத்தியத்த மீறிடக் கூடாதுன்னு பாத்தேன். ஒடனே கெளம்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டேன். நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். சொல்லல. அதுக்குப் பொறவு இங்க வரவே பயம்ப்பா. ஒங்க மொகத்தப் பாத்தா கேட்ருவேன். போன்ல கூட ரெண்டு நிமிசத்துக்கு மேல பேசுனா வாய்ல வந்துரும். அதான் வெச்சிருவேன்."

படிப்பையும் பட்டணத்தையும் ஆங்கிலத்தையும் நான்கு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவை ஒரு பாவமும் செய்யவில்லை.

அவள் ஈரக் கையோடு திரும்பினாள். அச்சு அசல் புஷ்பாவின் முகம்.

"இப்ப நீங்களா சொல்லிட்டீங்க. இப்ப கேக்கலாம்ல?"

"கேளும்மா."

"ஏன்ப்பா?"

என்னென்னவோ தயார் பண்ணி வைத்திருந்தேன். அப்பா, ரைஸ் மில், ஆ சான் சொன்னது, நான் கேட்காதது, இங்கே மேலே எழுதியிருப்பது அத்தனையும்.

"பழக்கம்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சின்னப் பிள்ளையில் அழுவாளே, மூச்சு முட்டி, அந்த மாதிரி. நானும் அழுதேன். நான்கு வருஷமாக அவள் பினாங்கிலும் நான் இங்கேயுமாகத் தனித்தனியாக அழுததை அன்றைக்குத்தான் ஒன்றாக அழுதோம். நாலு மணி ஆனது. பஸ் போயிருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை, நானும் நேரத்தைச் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்த அஞ்சு நிமிசம் அம்மா என்னப்பா பண்ணாங்க?"

எட்டி ஒரு கை நீட்டினால் தொட்டிருக்கலாம், அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் புஷ்பா. எங்கள் வீட்டு வாசலில் அவள் இருந்த கடைசி ஐந்து நிமிஷம். சாய்ந்திருந்தாளா, கண்ணை மூடியிருந்தாளா, வீட்டைப் பார்த்தாளா, என் பிடரியைப் பார்த்தாளா, மகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன். "நான் திரும்பிப் பாக்கல."